வாந்தி எத்தனை மணிக்கு வந்தது? போதைக் காளான் பற்றி வாசகர் கேள்விகள்

போதைக் காளான் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நச்சு மருத்துவமும் மனநல மருத்துவமும் அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

“மேஜிக் மஷ்ரூம் மண்ணில் விளைவது, அதில் ரசாயனம் கிடையாது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்கிறார்கள் நண்பர்கள். அது உள்ளே போய் உண்மையில் என்ன செய்கிறது?”
– கல்லூரி மாணவர்

தம்பி, ரசாயனம் இல்லாவிட்டால் போதையே வராது. இந்தக் காளான்களில் இருப்பது சைலோசைபின். ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற சுவிஸ் வேதியியலாளர் 1958-இல் இதைத் தனியே பிரித்தெடுத்தார். குடலிலும் கல்லீரலிலும் இது சைலோசின் ஆக மாறுகிறது. மூளையில் வேலை செய்வது இந்த சைலோசின்தான். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் பொருள்களில் ஒன்று செரோட்டோனின். அதைப் பிடித்துக்கொள்ள என்று நரம்பணுக்களில் சில ஏற்பிகள் இருக்கின்றன. சைலோசினின் வடிவம் செரோட்டோனினை ஒத்திருப்பதால், அது அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் தகவலை வடிகட்டி ஒழுங்குபடுத்தும் வேலை அங்கே குலைகிறது. சுவர் மூச்சு விடுவதுபோல் அசைவதும், ஓசைக்கு நிறம் தெரிவதும், ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரமாக நீள்வதும் அதனால்தான்.

சாப்பிட்ட 20 முதல் 40 நிமிடத்தில் தொடங்கும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சம். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். குமட்டல், கொட்டாவி, விரிந்த கண்மணி, நடுக்கம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவது ஆகியவை உடம்பில் தெரிபவை. ஆரோக்கியமான இளைஞருக்கு இந்த ஏற்றம் பெரும்பாலும் தாங்கக்கூடியது. இதய நோயும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: சைலோசைபின் மட்டுமே நேரடியாக நச்சாகி ஒருவர் இறப்பது மிக அரிது. ஆபத்து அதைச் சுற்றி இருக்கிறது. மாடியின் விளிம்பு தெரியாமல் நடப்பது, தண்ணீரில் இறங்குவது, வண்டியை எடுப்பது, துரத்துகிறார்கள் என்று எண்ணிச் சாலையில் ஓடுவது என உயிர் போவதற்கு வழிகள் பல. அளவும் கையில் நிற்காது. ஒரே இனத்தில், ஒரே தடவை முளைத்த இரண்டு காளான்களில்கூட சைலோசைபின் பல மடங்கு வேறுபடும். “போன தடவை இவ்வளவுதான் சாப்பிட்டேன்” என்ற கணக்குக்கு இங்கே பொருளில்லை. இன்னும் ஏறவில்லையே என்று அரை மணி நேரத்தில் மறுபடி சாப்பிடுபவர்கள், இரண்டும் சேர்ந்து ஏறும்போது தவித்துப்போகிறார்கள்.

“தண்டைக் கிள்ளினால் நீலம் பாய்ந்தால் அது சரியான காளான், வேக வைத்தால் எந்த விஷமும் போய்விடும் என்று காட்டுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?”
– மலையேற்றத்தில் ஆர்வமுள்ள வாசகர்

நம்பவே கூடாது. இந்தப் பகுதியில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படித்துவிடுங்கள்.

சைலோசைபின் உள்ள பல காளான்களின் தண்டை நகத்தால் அழுத்தினால், சில நிமிடங்களில் அந்த இடம் மை ஊறியதுபோல் நீலப் பச்சையாகும். சைலோசின் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதால் வரும் நிறம் அது. ஆனால் போதைக்குத் தொடர்பில்லாத, வயிற்றைப் புரட்டிப்போடும் வேறு இனங்களும் வெட்டினால் நீலமாகும். அதைவிட முக்கியமானது ஒன்று: கைநிறையப் பறித்ததில் நீலம் பாய்ந்தது நீங்கள் கிள்ளிப் பார்த்த காளான் மட்டும்தான். மற்றவற்றை யாரும் கிள்ளிப் பார்ப்பதில்லை.

கலெரினா மார்ஜினாட்டா என்றொரு சிறிய பழுப்புக் காளான் உண்டு. அழுகும் மரத்துண்டில் முளைக்கும். சில சைலோசைபின் இனங்களும் அதே மரத்துண்டில், அதற்கு நாலைந்து விரல்கடை தள்ளி முளைக்கும். மழையில் நனைந்து தொப்பி கறுத்திருக்கும்போது இரண்டையும் அருகருகே வைத்தாலும் பழகிய கண்ணே ஏமாறும். கலெரினாவில் இருப்பது அமாடாக்சின். ‘மரணத் தொப்பி’ எனப்படும் அமானிடா பலாய்டிஸ் காளானில் இருப்பதும் இதே நஞ்சுதான். வளர்ந்த ஒரு மனிதரைக் கொல்ல ஒரு மரணத் தொப்பி போதும்.

அமாடாக்சின் வேக வைத்தாலும் போகாது, வறுத்தாலும் உலர்த்தினாலும் உறைய வைத்தாலும் போகாது. வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி கடித்திருந்தால் நல்லது, தோலை உரித்தால் விஷம் போகும் என்ற வழக்கச் சொற்கள் எல்லாமே பொய். நத்தையும் முயலும் தின்று நடமாடும் காளான் மனிதரைக் கொல்லும்.

இந்த நஞ்சின் கொடுமை அதன் காலக்கணக்கில் இருக்கிறது. சாப்பிட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்வரை, ஒன்றுமே தெரியாது. பிறகு வயிற்றுவலி, அடங்காத வாந்தி, தண்ணீராகப் பேதி. ஒரு நாளில் அது நிற்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்து “பரவாயில்லை” என்பார், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார். கல்லீரல் அழிந்துகொண்டிருப்பது அந்த நேரத்தில்தான். அணுக்கள் புரதம் உண்டாக்கத் தேவையான முதல் படியையே அமாடாக்சின் அடைத்துவிடுகிறது. கல்லீரலிலிருந்து பித்தநீர் வழியாகக் குடலுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி கல்லீரலுக்கே திரும்பிச் சுற்றுகிறது. மூன்றாம் நாளை ஒட்டி மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, குழப்பம், மயக்கம். அப்போது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தவிர வழியில்லாமல் போகலாம்.

சைலோசைபின் காளான் தரும் குமட்டல் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆகவே மருத்துவர் முதலில் கேட்பது, “சாப்பிட்டது எத்தனை மணிக்கு, வாந்தி எத்தனை மணிக்கு?” ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிய வாந்தி என்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அமாடாக்சின் என்று எடுத்துக்கொண்டே சிகிச்சை தொடங்கும். சீக்கிரமே வாந்தி வந்துவிட்டது என்று நிம்மதியடையவும் வழியில்லை. இரண்டு மூன்று இனங்கள் கலந்து வயிற்றுக்குள் போயிருந்தால் முதல் காளானின் வாந்தி இரண்டாவதை மறைத்துவிடும்.

கார்டினேரியஸ் வகைக் காளான்கள் சிலவற்றில் உள்ள ஓரெல்லானின் என்ற நஞ்சு இதைவிட மெதுவானது. இரண்டு நாளிலிருந்து இரண்டு, மூன்று வாரம் கழித்துச் சிறுநீரகம் செயலிழக்கும். தாகம், இடுப்புவலி, சிறுநீர் குறைவது என்று போகிறவர் மூன்று வாரத்துக்கு முன் தின்ற காளானை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

“என் மகன் ஒரு விருந்துக்குப் போய் இதைச் சாப்பிட்டுவிட்டு வந்து, செத்துவிடுவேன் என்று அலறினான். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். இனி யார் வீட்டிலாவது இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?”
– ஒரு தாய்

அம்மா, அந்த நேரத்தில் பயப்படாத தாய் இல்லை. வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் மூச்சும் நினைவும் இருக்கிறதா என்று பாருங்கள். வலிப்பு, நினைவிழப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கொதிக்கும் காய்ச்சல், தன்னையோ பிறரையோ தாக்கும் நிலை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். என்ன காளான் என்று நிச்சயமில்லாதபோதும், வேறு போதைப்பொருளோ மதுவோ சேர்ந்திருந்தாலும், ஆள் தெளிவாக இருந்தாலும்கூட மருத்துவமனைதான். பறித்து வந்த காளான் என்றால் எப்போதுமே நிச்சயமில்லை என்றே கொள்ளுங்கள். உங்கள் நாட்டு நச்சுத் தகவல் மையத்தின் எண்ணைத் தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தால் போகும் வழியிலேயே பேசலாம்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைத்த தண்ணீர் கொடுப்பது பழைய பழக்கம். ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே ஆளைக் கொன்றிருக்கிறது. பாதி நினைவில் இருப்பவரின் தொண்டையில் விரலை விட்டால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். தூக்க மாத்திரையும் கொடுக்க வேண்டாம். மயங்கியிருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

உதவி வரும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பாட்டையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். அவருக்குப் பழகிய ஒரே ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். “நீ சாப்பிட்ட பொருளால் இப்படி இருக்கிறது, சில மணி நேரத்தில் இறங்கிவிடும், நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர் காண்பதை இல்லை என்று வாதிடுவதும், அந்த நேரத்தில் திட்டுவதும் பீதியை ஏற்றும். மாடி, பால்கனி, கத்தி, வண்டிச் சாவி ஆகியவை அவர் கைக்கு எட்டக்கூடாது. கட்டிப்போடாதீர்கள். திமிறத் திமிற உடல் சூடேறும், தசை சிதையும்.

மருத்துவமனையில் அமைதியான அறையும், தேவைப்பட்டால் பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடையசெபைன் வகை மருந்தும் தருவார்கள். பெரும்பாலோருக்கு அது போதும். வழக்கமான சிறுநீர்ப் போதைப் பரிசோதனையில் சைலோசைபின் தெரியாது. ஆகவே சோதனை கண்டுபிடித்துக்கொள்ளும் என்று காத்திருக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். எதை மறைத்தாலும் சிகிச்சை வேறு திசையில் போகும்.

“நான் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவன். மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு இதை ஒரு முறை முயலலாமா? என் நண்பர் லித்தியம் எடுக்கிறார், அவரும் கேட்கச் சொன்னார்.”
– பெயர் வெளியிட விரும்பாதவர்

உங்கள் நண்பருக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. லித்தியம் எடுப்பவர்கள் சைலோசைபின் போன்ற மாயத்தோற்றப் பொருள்களைச் சேர்த்து எடுத்ததாகத் தாமே இணையத்தில் எழுதிய அனுபவங்களை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் ஏறத்தாழப் பாதியில் வலிப்பு வந்திருந்தது. தாமாக எழுதியவர்களின் கணக்கு என்பதால் அந்த விகிதத்தை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எச்சரிக்கைக்கு அது தாராளம். லித்தியம் எழுதப்படுவதே பெரும்பாலும் வெறிநிலையும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய்க்கு. அவருக்கு இந்தக் காளான் வெறிநிலையையும் கிளப்பிவிடலாம்.

உங்களுக்கு: மனச்சோர்வு மாத்திரைகளில் செரோட்டோனின் அளவைக் கூட்டும் வகை, காளானின் விளைவை மங்கச் செய்யும். மங்குகிறதே என்று கூடுதலாகச் சாப்பிடுவது ஒரு ஆபத்து. நீங்கள் கேட்டதுபோல் மாத்திரையை நிறுத்துவது இன்னொன்று. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்னல் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமின்மை வரும். அடங்கியிருந்த மனச்சோர்வு தற்கொலை எண்ணத்தோடு திரும்பும். அந்த நிலையில் மனத்தைக் கலைக்கும் ஒரு பொருளை உள்ளே விடுவது மிகவும் தவறான நேரம். மனச்சோர்வுக்கான பழைய வகை மாத்திரைகளான மோனோஅமீன் ஆக்சிடேஸ் தடுப்பு மருந்துகள் காளானின் விளைவைக் கூட்டி நீட்டும். வலி மாத்திரையான டிரமடால் வலிப்பு அபாயத்தையும், செரோட்டோனின் மிகையாகும் அபாயத்தையும் கூட்டும். உடல் விறைப்பு, துள்ளும் தசை, வியர்வை, காய்ச்சல் நான்கும் சேர்ந்தால் செரோட்டோனின் மிகை என்று எண்ணி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். எனக்கு 19 வயது, நலமாக இருக்கிறேன். எனக்கு அபாயம் அதிகமா?”

அதிகம். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருந்தால், இந்தப் பொருள் நோயை வெளியே இழுத்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. இந்த நோய் தலைகாட்டும் வயதும் இளமைதான். சைலோசைபின் ஆய்வுகளில் அத்தகைய குடும்ப வரலாறு உள்ளவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை. போதை ஒரு நாளில் இறங்கிய பிறகும் சந்தேகம், காதில் குரல், தூக்கமின்மை தொடர்ந்தால் அது காளானின் மிச்சம் என்று வீட்டில் காத்திருக்கக்கூடாது. அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

“எட்டு மாதத்துக்கு முன் இரண்டு முறை சாப்பிட்டேன். இன்னும் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் வரும் புள்ளி மழைபோல் தெரிகிறது. கையை அசைத்தால் பின்னால் நிழல் இழுக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?”

இல்லை. நீங்கள் காண்பது நிஜமல்ல என்று உங்களுக்கே தெரிகிறது. மனநோயில் பெரும்பாலும் அந்தத் தெளிவு போய்விடும். நீங்கள் விவரிப்பது, மாயத்தோற்றப் பொருளுக்குப் பின் தங்கிவிடும் பார்வைக் கோளாறு என்று மருத்துவத்தில் பெயருள்ள ஒரு நிலை. அரிதானது, ஆனால் உண்மையானது. சிலருக்கு மாதங்களில் மங்கும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

முதலில் கண் மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டி, விழித்திரைக் கோளாறும் ஒற்றைத் தலைவலியும் வலிப்பும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். கஞ்சா இதை நன்றாகவே கிளறிவிடும், தொடாதீர்கள். மற்ற மாயத்தோற்றப் பொருள்களும் அப்படியே. தூக்கக் குறைவு, பதற்றம் இரண்டும் இதைக் கூட்டும். சுவரை வெறித்து வெறித்து “இன்னும் இருக்கிறதா” என்று சோதிக்கும் பழக்கமும் கூட்டும், அதை விட்டுவிடுங்கள். லமோட்ரிஜின், குளோனிடின் போன்ற மருந்துகள் சிலருக்குப் பலன் தந்திருக்கின்றன. மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் சிலருக்கு இதை மோசமாக்கியதாகப் பதிவுகள் உண்டு. ஆகவே மருந்து எழுதும் மருத்துவரிடம் இந்த வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

“மனச்சோர்வுக்கு இதே காளானை மருத்துவர்களே கொடுக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் ஆபத்து என்பது மிகையா?”

அவர்கள் கொடுப்பது காளான் இல்லை. ஆய்வகத்தில் தயாரித்து, மில்லிகிராம் கணக்கில் எடைபோட்ட சைலோசைபின். 2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு 25, 10 அல்லது 1 மில்லிகிராம் என ஒரே ஒரு முறை தரப்பட்டது. 25 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மூன்று வாரத்தில் மனச்சோர்வு, 1 மில்லிகிராம் பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. பன்னிரண்டு வாரத்தில் அந்தப் பலன் மங்கியிருந்தது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தன. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ மூன்று குழுக்களிலும் சிலரிடம் காணப்பட்டது. ஆட்களை வடிகட்டிச் சேர்த்து, பயிற்சி பெற்றவர்கள் மணிக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நிலைமை இது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இதை எழுதலாம்.

இந்தச் சிகிச்சைமேல் எங்களுக்கு உண்மையான நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் அதன் பெயரைச் சொல்லி வீட்டில் முயல்வதைக் கண்டால் கவலை வருகிறது. தன் மனச்சோர்வுக்குத் தானே வைத்தியம் செய்துகொள்ள முயன்ற ஒருவர், காளான் கஷாயத்தை ஊசியால் ரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்டதை 2021-இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அவர் ரத்தத்திலேயே அந்தப் பூஞ்சை வளர்ந்தது. கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் அடிபட்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்து பிழைத்தார்.

“காளான் சாக்லேட், காளான் மிட்டாய் என்று உறையில் அச்சிட்டு விற்கிறார்களே, அது பறித்த காளானைவிடப் பாதுகாப்பானது தானே?”

உறையில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்று என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2024-இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட சாக்லேட், மிட்டாய் ஒன்றைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள். வலிப்பும் நினைவிழப்பும் வந்தன. சோதித்தபோது சில மாதிரிகளில் மஸ்கிமால், சைலோசினை ஒத்த செயற்கைப் பொருள், பிரகாபலின் என்ற நரம்பு மருந்து ஆகியவை இருந்தன. மஸ்கிமால் என்பது வெண்புள்ளிகள் கொண்ட சிவப்புத் தொப்பிக் காளானின் பொருள். சைலோசைபினுக்கும் அதற்கும் உறவே கிடையாது. ஆளைத் தூக்கக் கலக்கத்தில் ஆழ்த்தும், அடுத்த நிமிடம் வெறிகொள்ள வைக்கும், மறுபடி ஆழ்த்தும். சாக்லேட்டாக இருப்பதால் குழந்தை கையில் எடுப்பதும் எளிது.

“இதற்கு அடிமையாவார்களா?”

மதுவுக்கும் அபினுக்கும் ஆவதுபோல் உடல் அடிமையாவதில்லை. அடுத்தடுத்த நாள் எடுத்தால் விளைவே வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் துக்கத்திலிருந்து ஓட ஒரே வழி இதுதான் என்று மனம் பழகிவிடும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கு மனநல உதவி தேவை.

“எங்கள் மூன்று வயதுக் குழந்தை தோட்டத்தில் எதையோ மென்றது. பக்கத்தில் பாதி கடித்த காளான் கிடந்தது. இப்படி நேர்ந்தால் மருத்துவமனைக்கு எதைக் கொண்டுபோவது?”

குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் போக வேண்டும். வாயில் மிச்சமிருப்பதை விரலால் வழித்தெடுங்கள், வாயைத் துடையுங்கள். சைலோசைபின் காளான் பெரியவர்களுக்குத் தராத காய்ச்சலையும் வலிப்பையும் சிறு குழந்தைகளுக்குத் தரலாம்.

வீட்டில் ஒருவர் குழந்தையோடு கிளம்பட்டும், இன்னொருவர் காளானை எடுக்கட்டும். கையால் பிடுங்கினால் தண்டு ஒடிந்து அடிப்பாகம் மண்ணிலேயே தங்கிவிடும். மரணத் தொப்பியைக் காட்டிக்கொடுக்கும் கிண்ணம் போன்ற உறை அந்த மண்ணுக்குள்தான் இருக்கும். எனவே கரண்டியாலோ கத்தியாலோ சுற்றிலும் குத்தி, வேர்மண்ணோடு பெயர்த்தெடுங்கள். எடுக்குமுன் நான்கு படம்: தொப்பியின் மேல், அடியிலுள்ள மடல்கள், தண்டின் அடி, அது முளைத்திருந்த இடம். கடித்த துண்டையும் பக்கத்தில் முளைத்த மற்றவற்றையும் தனித்தனியே காகிதத்தில் மடித்து, சாப்பிட்ட நேரத்தை மேலே எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துக் கூழாகி, நிபுணருக்குப் பயன்படாமல் போகும். வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு மூடிய புட்டியில் கொண்டுபோகலாம், வித்துகள் அதில் இருக்கும். காளானை எடுக்க நேரமாகும் என்றால் அதற்காக நிற்காதீர்கள், படம் மட்டும் போதும்.

அங்கே வயிற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சும் செயலூட்டிய கரி கொடுப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அமாடாக்சின் சந்தேகம் இருந்தால் ரத்தக்குழாய் வழியாக நிறைய நீரும், கல்லீரலைக் காக்கும் மருந்துகளான சிலிபினின், என்-அசிட்டைல்சிஸ்டைனும் தருவார்கள். கல்லீரல் சோதனையை முதல் நாளோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். இரண்டாம் நாள் குழந்தை சிரித்து விளையாடுகிறதே என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப்போய்விடாதீர்கள். மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.